தைப்பூசம் வரை காத்திருக்கலாமா? மலைவாழைத் தோட்டங்களில் மார்கழி வேலை

மார்கழி பிறந்துவிட்டால் கீழ்ப்பழனி மலையில் கூலிக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிடும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மங்களம்கொம்பு, ஆடலூர், பன்றிமலை, கே.சி.பட்டி, பாச்சலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் காப்பிப் பழம் சிவந்து நிற்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்கிற நேரம். காலையில் வெயில் ஏறும் வரை மூட்டம் விலகாது. பறித்த பழத்தை அன்றைக்கே தோல் நீக்கி, கழுவி, களத்தில் பரப்பியாக வேண்டும். தூறல் விழுந்தால் அள்ளி மூட வேண்டும். மிளகுக் கொடியில் சரம் முற்றி வரும். கொடை ஆரஞ்சு இன்னும் மிஞ்சியிருக்கும் தோட்டங்களில் அதற்கும் ஆள் வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் வாழையை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் குடும்பச் செலவை ஓட்டுவது வாழைதான். காப்பிப் பணம் வருடத்துக்கு ஒரு முறை வரும். மிளகுப் பணமும் அப்படியே. வாழைப் பணமோ தார் வெட்டும்போதெல்லாம் கைக்கு வரும். காப்பிச் செடிக்கு நிழல் தந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கும் மளிகைக் கடைப் பாக்கிக்கும் வழி செய்கிற பயிர் அது. சாலை எட்டாத தோட்டங்களிலிருந்து தார்கள் குதிரை முதுகில் சாலைக்கு வருகின்றன. அங்கிருந்து வண்டியில் வத்தலக்குண்டுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் இறங்குகின்றன. மார்கழி கழிந்தால் பொங்கல். பொங்கல் கழிந்தால் தைப்பூசம். பாதயாத்திரைக் கூட்டம் பழனியை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டால் மலைப்பழத்துக்கு எப்போதும் கிராக்கிதான்.

இந்தக் கிராக்கியே ஒரு சிக்கலையும் கொண்டுவருகிறது. வேலியோரத்தில் இப்படி ஒரு பேச்சு ஆண்டுதோறும் நடக்கிறது.

“அண்ணே, ஓடையோரத்துக் குத்துல கன்னு ஒரு மாதிரி நிக்குது, பாத்தீங்களா?”

“பாத்தேன் தம்பி. தாய்மரத்துல தாரு பாதி வெளைஞ்சு நிக்குதே. பூசம் கழியட்டும், எடுத்துப் போட்டுருவோம்.”

சொன்னவர் பொய் சொல்லவில்லை, எடுக்கத்தான் நினைக்கிறார். ஆனால் பூசம் கழிவதற்குள் அந்தக் குத்திலிருந்து நோய் வேலியைத் தாண்டிவிடக்கூடும். மலைவாழையின் ஐம்பது ஆண்டுக் கதையைக் கேட்டால், பெரும்பகுதி இந்தக் காத்திருப்பில்தான் போயிருக்கிறது.

பெயர் பெற்ற பழம்

மலைவாழை என்றால் விருப்பாட்சி. அதன் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்கது சிறுமலைப் பழம். ஒட்டன்சத்திரத்துக்கு அருகில் மலையடிவாரத்தில் இருக்கும் விருப்பாட்சி என்ற ஊரின் பெயரே பழத்துக்கும் ஆகிவந்தது. ஏறத்தாழ 2,000 அடிக்கு மேல் 5,000 அடி வரையுள்ள சரிவுகளில், மழையை நம்பி வளர்கிறது. சமவெளியில் நட்டால் மரம் வளரும், தாரும் தள்ளும். ஆனால் அந்த மணமும் இனிப்போடு கலந்த இலேசான புளிப்பும் வராது. மலைக் குளிரும், மெதுவாக முற்றுகிற இயல்பும் சேர்ந்து தருகிற சுவை அது. பழத்தில் நீர்ச்சத்து குறைவு. தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே சதை நீர்த்துப் போவதில்லை. பஞ்சாமிர்தத்துக்கு இந்தப் பழத்தைத் தேடுவதற்குக் காரணமும் இதுதான். சர்க்கரை, நெய், தேன், ஏலக்காயோடு பிசையும்போது நீர் விடாத பழமாக இருந்தால் பஞ்சாமிர்தம் பல நாள் கெடாமல் நிற்கும்.

விருப்பாட்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் 2008-09ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019ல் கிடைத்தது. பெயரைக் காக்கச் சட்டம் வந்துவிட்டது. பழத்தைக் காப்பது தோட்டக்காரர் கையில் இருக்கிறது.

1970களில் கீழ்ப்பழனி, சிறுமலைப் பகுதிகளில் ஏறத்தாழ 18,000 எக்டேரில் மலைவாழை இருந்தது என்பதும், பின்னர் அது 2,000 எக்டேர் அளவுக்குச் சுருங்கியது என்பதும் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. காட்டு மாடும் யானையும் காட்டுப்பன்றியும் செய்த சேதம் உண்டு. ஆள் பற்றாக்குறை உண்டு. 2018 நவம்பர் 16ஆம் தேதி கரை கடந்த கஜா புயல் இந்த மலைக்கும் ஏறி வந்து, நிழல் மரங்களைச் சாய்த்து, காப்பியையும் வாழையையும் நசுக்கியது. ஆனால் புயல் ஒரு முறை அடித்துவிட்டுப் போய்விடும். பரப்பு இந்த அளவுக்குச் சுருங்கியதற்கு முதற்காரணம் முடிக்கொத்து நோய்.

முன்பெல்லாம் ஒரு முறை நட்ட மலைவாழைக் குத்து பல ஆண்டுகள் நின்று காய்க்கும். தகப்பன் நட்ட குத்தில் மகன் தார் வெட்டியதுண்டு. முடிக்கொத்து நோய் புகுந்த தோட்டத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இதே மலையில் ஆரஞ்சுக்கு நேர்ந்ததையும் மூத்த விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் கொடை ஆரஞ்சு மணத்த தோட்டங்கள் பல, பச்சை மாறும் நோயாலும் பொதுவான நலிவாலும் காப்பிக் காடாக மாறிவிட்டன. ஆரஞ்சு போனபோது கை கொடுக்கக் காப்பி இருந்தது. வாழை போனால் காப்பிக்கு நிழலும் போகும், கைச்செலவுக் காசும் போகும்.

அசுவினி செய்யும் வேலை

முடிக்கொத்து நோய் ஒரு வைரஸால் வருவது. இலங்கையில் 1913ஆம் ஆண்டிலேயே காணப்பட்ட இந்நோய், 1940ல் கேரளப் பகுதிக்கு வந்து, அங்கிருந்து பரவியது. அது ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் செல்ல இரண்டே வழிகள். ஒன்று, நோயுள்ள பக்கக் கன்றைப் பெயர்த்து வேறு இடத்தில் நடுவது. தொலைதூரப் பயணம் இப்படித்தான் நடக்கிறது. அதைச் செய்பவன் மனிதன். மற்றொன்று, வாழை அசுவினி. பழுப்புக் கறுப்பு நிறமுள்ள இந்தச் சிறு பூச்சி, மரத்தின் அடியில் மண் மட்டத்தை ஒட்டிய பட்டைகளின் உட்புறத்திலும் குருத்திலும் இளங்கன்றுகளிலும் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். எறும்பு வரிசையாக ஏறி இறங்குகிற மரத்தில் பட்டையை விலக்கிப் பார்த்தால் பெரும்பாலும் அசுவினி இருக்கும்.

அரிவாளால் நோய் பரவுமோ என்று பலர் அஞ்சுகின்றனர். இந்த வைரஸ் அரிவாளின் சாறு மூலம் பரவுவதில்லை. மண்ணில் தங்குவதும் இல்லை. வீணாக அரிவாளைக் கொதிநீரில் போடுவதை விட அசுவினியைக் கவனிப்பது மேல்.

நோயுள்ள வாழையில் சில மணி நேரம் சாறு உறிஞ்சிய அசுவினி, ஏறத்தாழ மூன்று வாரம் வரை அந்த வைரஸைத் தன் உடம்பில் சுமந்து திரியும். தான் ஈனும் குஞ்சுக்கு அதைக் கொடுக்காது என்பது ஒரு நல்ல சேதி. ஆனால் குஞ்சும் அதே நோயுள்ள மரத்தில் பிறப்பதால், பிறந்த இடத்திலேயே வைரஸைப் பெற்றுக்கொள்கிறது. கூட்டம் நெருக்கமாகும்போது சிறகு முளைத்தவை தோன்றி அடுத்த மரத்துக்குப் பறக்கும்.

ஒரு குத்தில் ஒரு மரத்துக்கு நோய் வந்தால் கிழங்கு வழியாக எல்லாக் கன்றுக்கும் போய்விடும். தாய்மரம் தார் தள்ளிய பின் நோய் தொற்றியிருந்தால் தார் ஓரளவு நன்றாகவே விளைந்து நிற்கும்; நோய்க்குறி முதலில் பக்கக் கன்றில்தான் தெரியும். விவசாயி ஏமாறுவது இந்த இடத்தில்தான். “மரம் நல்லாத்தானே இருக்கு” என்று தாரை நம்பிக் குத்தை விட்டுவைக்கிறார். அந்த மரமும் நோயுற்ற மரமே. அதிலுள்ள அசுவினியும் வைரஸ் சுமக்கும் அசுவினியே.

மார்கழியில் அடையாளம் காண்பது

நோயின் முழுத் தோற்றம் எல்லோருக்கும் தெரியும். இலைகள் குறுகி, குட்டையாகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாகக் கூடி நிற்கும், ஓரம் மஞ்சளாகும், இலை முறுமுறுவென்று ஒடியும். ஆனால் அந்த நிலைக்கு வந்த பிறகு கண்டுபிடித்துப் பயன் குறைவு. அதற்குள் அசுவினி தன் வேலையை முடித்திருக்கும்.

தொடக்கத்தில் கண்டுபிடிக்க, புதிதாக விரிந்த இலையின் அடிப்புறத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். பக்க நரம்புகளை ஒட்டியும், இலைக்காம்பிலும், நடு நரம்பின் கீழ்ப்புறத்திலும் கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் சிறு கோடுமாகத் துண்டு துண்டாக வரிகள் தெரியும். நடு நரம்பை நெருங்கும் இடத்தில் அந்த வரி தூண்டில் முள் போல வளைந்திருக்கும். வெள்ளைப் பொடியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவு. வேறு எந்தச் சத்துக் குறைபாட்டிலும் இந்த வரி வராது.

மார்கழியில் இந்தச் சோதனை மிகவும் தேவை. கடுங்குளிரில் வாழைக்கு இலை விடும் வேகம் குறையும். இலைகள் நெருக்கமாக நிற்கும். தார் தள்ளும்போது தொண்டை அடைத்தாற்போல் பாதியில் நிற்பதும் உண்டு. இதைப் பார்த்து நல்ல மரத்தை நோய் மரம் என்று வெட்டிவிடக் கூடாது. நோய் மரத்தைக் குளிரின் வேலை என்று விட்டுவிடவும் கூடாது. வரி இருந்தால் நோய். வரி இல்லையென்றால் காத்திருந்து அடுத்த இலையையும் பார்க்க வேண்டும்.

குளிரில் புதிய இலை தாமதமாக வருவதால், இப்போது தொற்றியது இப்போதே தெரியாமலும் போகலாம். ஆகவே மார்கழியில் ஒரு சுற்றும் மாசியில் மறு சுற்றும் அவசியம். முதற்சுற்றை இப்போதே முடித்துவிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மழையிலும் குளிரிலும் அசுவினியின் பெருக்கம் மந்தமாக இருக்கும். மாசி, பங்குனியில் வெயில் ஏறினால் வேகம் பிடிக்கும். தோட்டத்தில் நோய்க் குத்து இல்லாதபோது அசுவினி பெருகினால் அது வெறும் அசுவினி. நோய்க் குத்து நின்றால் நோயைச் சுமந்து பறக்கும் அசுவினி.

ஒரு தாரும் நூறு குத்தும்

பூசம் வரை காத்திருப்பதில் எவ்வளவு நட்டம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மலைவாழைக்குச் சிபாரிசு செய்யப்பட்ட இடைவெளி 3.6 மீட்டருக்கு 3.6 மீட்டர். எக்டேருக்கு சுமார் 750 குத்து, ஏக்கருக்கு 300 குத்து. ஆஸ்திரேலியாவில் இந்நோய் பரவும் விதத்தை அளந்து பார்த்தபோது, புதிதாக நோய் கண்ட மரங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பழைய நோய் மரத்திலிருந்து 20 மீட்டருக்குள்ளேயே இருந்தன. இருபது மீட்டர் சுற்றளவு என்றால் நமது இடைவெளியில் அதற்குள் எத்தனை குத்து நிற்கும்? ஏறத்தாழ 95. பாதி விளைந்த ஒரு தாருக்காகப் பணயம் வைப்பது 95 குத்துகளை.

அடுத்த கணக்கு வேலியைப் பற்றியது. கீழ்ப்பழனியில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அநேகர். சதுரமான ஒரு ஏக்கர் என்றால் பக்கத்துக்கு சுமார் 64 மீட்டர். நான்கு பக்கமும் வேலியிலிருந்து 20 மீட்டரை ஒதுக்கினால் நடுவில் மிஞ்சுவது 24 மீட்டர் சதுரம். அதில் நிற்கும் குத்து நாற்பது. அதாவது ஒரு ஏக்கர் தோட்டத்திலுள்ள 300 குத்துகளில் 260 குத்துகள் ஏதோ ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் நோய்க்கு எட்டும் தூரத்தில் நிற்கின்றன. நாற்பது மட்டுமே தோட்டக்காரருக்குச் சொந்தம் என்று சொன்னால் தவறில்லை.

பூஞ்சாண நோயாக இருந்தால் அவரவர் மருந்தை அவரவர் அடித்துக்கொள்ளலாம். முடிக்கொத்து நோய்க்கு வந்தபின் மருந்து கிடையாது. தனியாக ஒருவர் எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும், அடுத்தவர் ஒரு குத்தை விட்டுவைத்தால் அவர் உழைப்பு வீண். ஆகவே இதை ஊர் வேலையாகச் செய்தாக வேண்டும். கண்மாய்க் குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்பியது போல, ஒரு சரிவில் உள்ள பத்துப் பதினைந்து தோட்டக்காரர்கள் ஒரே வாரத்தில் சேர்ந்து சுற்றி வருவதே பலன் தரும்.

எங்கும் நடக்காத புதுமையும் அல்ல இது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கு 1913 வாக்கில் பிஜித் தீவிலிருந்து வந்த கன்றுகளோடு இந்நோய் புகுந்தது. 1920களின் நடுப்பகுதியில் அங்கே வாழைத் தொழில் ஏறக்குறைய அழிந்தே போனது. அசுவினிதான் பரப்புகிறது என்பதை மகீ என்ற விஞ்ஞானி நிறுவியது அப்போதுதான். அதன்பின் ஒவ்வொரு தோட்டத்தையும் சோதிப்பது, நோய்க் குத்தைக் கண்டவுடன் அழிப்பது, அனுமதியில்லாமல் கன்று கொண்டுபோவதைத் தடுப்பது என்று சட்டம் போட்டு நடத்தினார்கள். தொழில் மறுபடி எழுந்தது. அவர்களிடம் அப்போது திசு வளர்ப்புக் கன்றும் இல்லை, வைரஸைக் காட்டும் ஆய்வுக்கூடச் சோதனையும் இல்லை. கண்ணும் கடப்பாரையும்தான் இருந்தன. நமது சென்னை மாகாணத்திலும் 1919லேயே பயிர்ப் பூச்சி நோய்களைக் கட்டாயமாக அழிக்கச் சட்டம் வந்தது. சட்டத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டக்காரரிடம் போவதை விட, கையில் ஒரு தாரை எடுத்துக்கொண்டு போவது நமது மலைக்குப் பொருந்தும். குத்தை இழப்பவருக்குச் சுற்றியுள்ளவர்கள் ஆளுக்கொரு தார் கொடுத்து ஈடு செய்யலாம். 95 குத்துக்குக் காப்பீடு என்று பார்த்தால் அது மலிவான செலவு.

குத்தை எடுக்கும் முறை

இங்கே வரிசை முக்கியம். நோய்க் குத்தைக் கண்டதும் ஆத்திரத்தில் வெட்டிச் சாய்த்தால், அதிலிருந்த அசுவினி முழுவதும் இடம் பெயர்ந்து நல்ல மரங்களுக்குப் போகும். முதலில் அசுவினியைக் கொல்ல வேண்டும். குருத்திலும், பட்டைகளின் இடுக்கிலும், மண் மட்டம் வரையிலும், எல்லாக் கன்றுகளிலும் மருந்து நன்றாக நனையும்படி தெளித்து, அசுவினி செத்த பிறகே குத்தில் கை வைக்க வேண்டும். முன்பு சிபாரிசு செய்த மருந்துகளில் சிலவற்றை, மானோகுரோட்டோபாஸ் போன்றவற்றை, இப்போது அரசு விலக்கியும் கட்டுப்படுத்தியும் உள்ளது. ஆகவே பரணில் கிடக்கும் பழைய புட்டியை எடுக்காமல், இன்று வாழைக்கு அனுமதியுள்ள மருந்து எது என்று தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டு வாங்குவதே சரி. அறுவடைக்கு நிற்கும் காப்பிப் பழத்தின் மேல் படாமல் தெளிக்க வேண்டும்.

அடுத்தது குத்தை அழிப்பது. மலைச் சரிவில் கிழங்கோடு தோண்டி எடுப்பது கடினம். காப்பி வேர் அறுபடும், மண்ணும் அரிக்கும். ஒரு துண்டுக் கிழங்கு மிஞ்சினாலும் மீண்டும் நோய்க் கன்று துளிர்க்கும். இதற்காகவே 2,4-டி சோடியம் உப்பை ஊசி மூலம் ஏற்றும் முறை வகுக்கப்பட்டது. பழைய விவசாயிகள் இதைப் பெர்னாக்சோன் என்ற பெயரில் அறிவர். 50 கிராம் மருந்தை 400 மில்லி தண்ணீரில் கரைத்து, மரத்துக்கு 4 மில்லி வீதம் கிழங்கில் இறங்கும்படி ஏற்ற வேண்டும். தாய்மரம், பெருங்கன்று, சிறுகன்று எதையும் விட்டுவிடக் கூடாது. குத்து அங்கேயே அழுகி மடியும். இது களைக்கொல்லி என்பதை மறக்க வேண்டாம். தெளிக்கக் கூடாது, சொட்டு சிந்தினாலும் மிளகுக் கொடியும் காப்பியும் பழுதாகும். கையுறை அணிந்து, சிறுவர்களை அருகில் விடாமல் செய்ய வேண்டும். மடிந்த குத்தை மாசிச் சுற்றில் மறுபடி பார்த்து, எங்காவது துளிர் இருந்தால் அதற்கும் ஊசி போட வேண்டும்.

ஆள் இல்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் காப்பி பறிக்கும் பெண்கள் இந்த இரண்டு மாதத்தில் தோட்டத்தின் எல்லா வரிசையிலும் நடக்கிறார்கள். வாழைக் குத்து ஒவ்வொன்றையும் கடந்துதான் போகிறார்கள். கண்காணியையோ மேஸ்திரியையோ எதிர்பார்ப்பதை விட, இவர்களுக்கு அந்தக் கரும்பச்சை வரியை ஒரு முறை காட்டிக் கொடுத்தால் போதும். சந்தேகமான குத்தில் ஒரு சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டிவிட்டுப் போவார்கள். பறிப்பு முடிந்த வரிசையில் மருந்து, ஊசியுடன் ஒருவர் மட்டும் பின்னால் வந்தால் வேலை முடிந்தது. துணி கட்டியவருக்கு ஒரு சிறு ஊக்கத்தொகை கொடுத்தால் கண்கள் இன்னும் கூர்மையாகும்.

சங்கடம் தருவது ஆளில்லாத தோட்டம். உரிமையாளர் மதுரையிலோ திண்டுக்கல்லிலோ இருப்பார். யானை வருகிறது, ஆள் கிடைக்கவில்லை என்று தோட்டத்தைப் போட்டுவிட்டிருப்பார். அங்கே தானாக முளைத்து நிற்கும் வாழைக் குத்துகள்தாம் சுற்றுவட்டாரத்துக்கே நோய்ப் பண்ணை. ஓடைக்கரையிலும் காட்டு ஓரத்திலும் நிற்கும் கவனிப்பாரற்ற குத்துகளும் இப்படித்தான். உரிமையாளருக்குத் தொலைபேசியில் சொல்லி அனுமதி பெற்று, ஊர்ச் செலவில் அவற்றையும் எடுத்துவிடுவது தவிர வேறு வழியில்லை. தோட்டத்தைக் குத்தகைக்கு விடும்போதே இந்த நிபந்தனையையும் எழுதிக்கொள்வது நல்லது.

புதுக் கன்று

குத்தை எடுத்த இடத்தில் என்ன நடுவது? கீழ்ப்பழனியில் நடவுக்கு ஏற்ற காலம் ஏப்ரல், மே. கோடை மழை பெய்து மண் ஈரமானதும் நடலாம். அதற்கான கன்றை இப்போதே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். வைரஸ் சோதனை செய்த தாய்மரத்திலிருந்து எடுத்த திசு வளர்ப்புக் கன்று கிடைத்தால் அதுவே சிறந்தது. குப்பியிலிருந்து வெளியே எடுத்த நாற்றை நிழல்வலையில் இரண்டு கட்டமாகக் கடினப்படுத்தியே தோட்டத்துக்கு அனுப்புவார்கள். ஏப்ரலில் போய்க் கேட்டால் கன்று இருக்காது. டிசம்பர், ஜனவரியில் பெயர் பதிந்து வைத்தால் நடவுக்குச் சரியாக வரும்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. திசு வளர்ப்புக் கன்றுக்கு நோயே வராது என்று நம்பிச் சிலர் நட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டில் முடிக்கொத்து கண்டதும் ஏமாந்தோம் என்கின்றனர். திசு வளர்ப்புக் கன்று நோய் இல்லாத கன்று. நோய் எதிர்ப்புள்ள கன்று அல்ல. நோய்க் குத்துகளுக்கு நடுவில் நட்டால் அதற்கும் வரும். மென்மையான இளந்தளிர் என்பதால் அசுவினிக்குப் பிடித்தமும்கூட. சரிவைச் சுத்தம் செய்யாமல் புதுக் கன்று வாங்குவது பணத்தை ஓடையில் போடுவதற்குச் சமம்.

பக்கக் கன்றையே நட வேண்டிய நிலை வந்தால், ஒரு பருவத்துக்கு மேல் நோயே காணாத தோட்டத்தில், ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையுள்ள ஈட்டிக் கன்றாகப் பார்த்து எடுக்கலாம். கன்றைப் பார்ப்பதை விட அதன் தாயையும் சுற்றியுள்ள இருபது மீட்டரையும் பார்ப்பது முக்கியம். புயலுக்குப் பிறகோ யானைச் சேதத்துக்குப் பிறகோ அவசரமாக வண்டிக் கணக்கில் எங்கிருந்தோ கன்று வாங்கி இறக்குவதைத் தவிர்க்க வேண்டும். மலையேறும் கன்று எந்தத் தோட்டத்தில் எடுத்தது என்று கேட்காமல் இறக்கினால், ஒரே நாளில் சரிவு முழுவதும் நோயை நட்டதாகிவிடும்.

எடுத்தது போக மிஞ்சிய நல்ல குத்துகளுக்கு அடுத்த உரம் ஜனவரியில். மலைவாழைக்கு அக்டோபர், ஜனவரி, ஏப்ரல் ஆகிய மூன்று மாதங்களில், 40:30:40 தழை, மணி, சாம்பல் சத்துக் கலவை 375 கிராமும், மூரியேட் ஆப் பொட்டாஷ் 130 கிராமும் குத்து ஒன்றுக்கு ஒவ்வொரு தடவையும் இட வேண்டும். குத்தின் அடியில் கொட்டாமல் ஒரு மீட்டர் தள்ளி வட்டமாகப் பாத்தி எடுத்து இட்டு மூடினால் சரிவில் கரைந்து ஓடாது. குத்துக்கு வேண்டிய கன்றுகளை மட்டும் வெவ்வேறு வயதில் விட்டு, மற்றவற்றை நீக்கிவிட வேண்டும். காய்ந்து தொங்கும் பட்டைகளை எடுத்துவிட்டால் அசுவினி ஒளிய இடம் குறையும். கரும்பச்சை வரியைப் பார்ப்பதும் எளிது. சிவப்புத் துணி கட்டிய குத்துக்கு உரம் இடவே வேண்டாம்.

திசு வளர்ப்புக் கன்று பதிவு, ஊசிக் கருவி, நோய்க்குறியில் சந்தேகம் ஆகியவற்றுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையும், அந்தந்த வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தையும் அணுகலாம். சந்தேகமான இலையைக் கொண்டுபோவதானால் அசுவினி ஒட்டியிருக்காதபடி துடைத்து, பாலிதீன் பையில் போட்டுக் கட்டிக் கொண்டுபோகவும். கன்றாகப் பெயர்த்துக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டாம்.